ஒட்டுமா பழைய ஹெர்குலிஸ்?

கேள்வி: அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் பிரேமில் சீட்டுக்குக் கீழே விரிசல். நானே சரி செய்யலாமா, காயலான் கடையில் போடுவதா?
— வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: காயலான் கடைக்காரர் காத்திருக்கட்டும்! அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டி அது. இரும்புக் குழாய்க்கு மறுபிறவி உண்டு. முதலில் உடைசல் குழாயில் கை பழகுங்கள். பிறகு பெயின்ட், துரு எல்லாம் சுரண்டிவிட்டு, கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்துப் பற்றவையுங்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும், இரும்புக்குச் சுமார் 1,500 வேண்டும். அதனால் மெல்லிய குழாய் உருகி ஓட்டையாகாது. கோணல் பார்க்க ஒரு நூல் போதும்: பின்சக்கர அச்சு மாட்டும் இடத்தில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்கம் இழுங்கள்; சீட் குழாய்க்கு இருபுறமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். முன் ஃபோர்க்கில் விரிசல் என்றால் மட்டும் புதிது வாங்குங்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர் சாலையில் ஃபோர்க்கை ஒட்டி ஓட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்!