தடித்த தோல்வாரும் தரை நாடும் கிடாரும்: ஓர் ஆய்வு

கிடார் ஏன் கீழே விழுகிறது என்ற கேள்விக்கு நியூட்டன் தரப்பில் ஒரு விடை உண்டு. ஆனால் அவர் ஆப்பிளோடு நின்றுவிட்டார். ஆப்பிளுக்குத் தோல்வார் கிடையாது. ஆக, இத்துறையில் ஓர் ஆய்வு இடைவெளி இருப்பது வெள்ளிடைமலை. அதை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: தாமாக விழும் கிடார்கள் மட்டும். பீட் டவுன்ஷெண்ட் 1964 முதல் மேடைகளில் உடைத்தவை இதில் சேரா. 1992 எம்டிவி விருது விழாவில் நிர்வாணா குழுவின் கிறிஸ்ட் நோவோசெலிக் மேலே வீசி, தம் நெற்றியிலேயே வாங்கிக்கொண்ட பேஸ் கிடாரும் சேராது. அவை உரிமையாளரின் முழுச் சம்மதத்தோடு புறப்பட்டவை. எந்தப் பூட்டாலும் தடுத்திருக்க முடியாது.

முதன்மைச் சான்று: கிப்சன் லெஸ் பால். 1952இல் வந்தது. மஹோகனி உடல், மேலே மேப்பிள் பலகை, எடை சாதாரணமாக 4 கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். பழைய மாதிரிகளில் தலைப்பகுதி 17 டிகிரி பின்பக்கம் சாய்ந்திருக்கும். அதற்குச் சற்றுக் கீழேதான், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள். மல்லாக்க விழுந்தால் முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இனி கருதுகோள். எடை கூடினால் தோள் வலிக்கிறது. தோள் வலித்தால் அகலமாக, தடிமனாக ஒரு தோல்வார் வாங்குகிறோம். தோல் தடித்தால், வாரைக் கிடாரோடு பிணைக்கும் பூட்டு சரியாக மாட்டுவதில்லை. பூட்டு மாட்டாவிட்டால் கிடார் விழுகிறது. தோளைக் காக்கச் செய்த செலவு கழுத்தை முறிக்கிறது என்பது இதனால் பெறப்படும். தோள் நம்முடையது, கழுத்து கிடாருடையது.

இது குறித்து அறிஞரிடையே மூன்று கட்சிகள் உண்டு. தோலே போதும் என்பார் ஒரு சாரார். புதுத் தோல் விறைப்பாக இருக்கும், கிடாரின் பட்டனை வாரின் துளைக்குள் நுழைப்பதற்குள் கட்டைவிரல் சிவந்துவிடும், இதற்கு மேல் பூட்டு எதற்கு என்பது அவர்கள் வாதம். புதிதில் உண்மைதான். பிறகு வியர்வையும் இழுப்பும் சேர்ந்து துளையைத் தளர்த்துகின்றன, துளையை ஒட்டிய கீறல் வாய் பிளக்கிறது, கட்சி கலைகிறது.

இரண்டாவது ரப்பர் கட்சி. டச்சு நாட்டு க்ரோல்ஷ் பீர் புட்டியின் கம்பி மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வாரை மாட்டிய பிறகு அதைப் பட்டன்மேல் இழுத்துப் போட்டால் வார் கழலாது. இந்த உத்தி பரவிய பிறகு கிடார்க் கம்பெனிகளே வளையம் செய்து விற்க ஆரம்பித்தன. கிடார் ஒன்றுக்கு வளையம் இரண்டு; ஆகவே புட்டியும் இரண்டு. ஒப்பீட்டுக்காக மூன்றாவதைத் திறந்த ஆய்வாளர்களும் உளர். அவர்களுடைய குறிப்புகளில் கையெழுத்து புரியவில்லை. எப்படியும் நம் பொருளுக்கு இம்முறை உதவாது. பட்டனின் கழுத்து குட்டை. 5 மில்லிமீட்டர் தோல் அதில் ஏறி உட்கார்ந்தபின் வளையத்துக்கு இடமில்லை.

மூன்றாவது பூட்டுக் கட்சி. இதில் ஷாலர், டன்லப் என்று வடகலை தென்கலை போல இரு பிரிவுகள்; ஒன்றின் பட்டனில் மற்றதன் பூட்டு ஏறாது. (எட்டி வான் ஹேலன் எதிலும் சேராமல், தாமே கோத்த கிடாரில் கண்ணித் திருகாணியை முடுக்கி வாரைக் கொக்கியால் மாட்டிக்கொண்டார். அவரைத் தனிச் சமயம் என்றே கொள்ள வேண்டும்.) டன்லப் பூட்டின் தண்டில் ஒரு காடி உண்டு. தண்டைத் தோலுக்குள் செலுத்தி, மறுபுறம் எட்டிப் பார்க்கும் காடியில் ஒரு பிளவு வளையத்தை மாட்ட வேண்டும். காடியின் இடம் மாறாதது. தோல் தடித்தால் காடி வெளியே வராமல் உள்ளேயே புதைந்துகொள்ளும். அப்படியும் வளையத்தை வைத்து அழுத்துவோர்க்கு அது தெறித்து சோபாவுக்கு அடியில் போவதே பயன்.

ஷாலர் ஜெர்மன் தயாரிப்பு. அதில் காடிக்குப் பதில் மரை. பழைய மாதிரியில் நட்டு போட்டு முடுக்க வேண்டும். தடித்த தோலிலும் நட்டு எப்படியோ இரண்டு சுற்று பிடித்துவிடும். ஆபத்து இங்கேதான். டன்லப் மாட்டவில்லை என்றால் மாட்டவில்லை. ஷாலரோ மாட்டியது போல இருக்கும்.

இரண்டு சுற்று போதாதோ எனின், போதாது என்க. என்னை? தோல் உலோகம் அன்று. நட்டின் அழுத்தத்தில் அது நாளடைவில் அமுங்கும். அமுங்கினால் நட்டின் பிடி குறையும். வாசிப்பவர் ஆட, வார் ஆட, தண்டு தோலுக்குள் சிறிது சிறிதாகத் திரும்பும். நட்டு கழன்றுகொண்டே வரும். கடைசியில் பூட்டு கிடாரோடு பத்திரமாகப் பூட்டியபடியே இருக்க, வார் மட்டும் தனியே வந்துவிடும். பூட்டைக் குறை சொல்ல முடியாது. அது தன் கடமையைச் செய்தது.

ஆகவே தோலைக் குறைப்பதே வழி. பூட்டின் அடித்தட்டு அமரும் அளவுக்கு மட்டும் ஒரு வட்டம் வரைந்து, சொரசொரப்பான உட்புறத்தைக் கூரிய கத்தியால் படலம் படலமாகச் சீவ வேண்டும். வழவழப்பான மேற்புறத்தில் கை வைக்கக் கூடாது. நார்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பது அந்தப் பக்கத்தில்தான். நட்டு முழுதாக மரையில் ஏறியதும் சீவலை நிறுத்திவிடலாம். துளை பெரிதாக வேண்டுமானால் வட்ட பஞ்ச் வைத்து அடிக்க வேண்டும். கத்தரிக்கோலால் நோண்டினால் வெட்டின் மூலையிலிருந்து கிழிசல் தொடங்கும். இதைத் தாமே செய்யத் துணியாதவர் செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கலாம்; இந்த ஆய்வாளரைவிடத் தோல் அறிந்தவர் அவர்.

மரையில் நீல நிற லாக்டைட் மரைப்பசை ஒரு துளி விட வேண்டும். சிவப்பு நிறம் வேண்டாம். அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் ரகம். பூட்டைத் திறக்க இழுக்கும் நடு ஊசியின் பக்கம் வழிந்தால் பூட்டு பூட்டிய நிலையிலேயே சமாதியாகிவிடும். பூட்டில் பட்டன் அமரும், லாடம் போன்ற வாய் தோளை நோக்கி, அதாவது மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் ஊசி கழன்றாலும் பட்டன் அடியில் தங்கி நிற்கும். தலைகீழாக மாட்டியிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்கள் முழு நம்பிக்கையோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கிடார்ப் பக்கத்து ஸ்க்ரூ பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், எழுதப் போவதில்லை. பழைய துளை லொடலொட என்றிருந்தால் பல்குத்தும் குச்சியில் மரப்பசை தடவிச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு முடுக்குங்கள்.

மேடை ஏறுமுன் இரண்டு நட்டுகளையும் விரலால் ஒருமுறை திருகிப் பாருங்கள். சுழன்றால் ஸ்பேனரை எடுங்கள். முதல் பாட்டு கொஞ்சம் காத்திருக்கட்டும்.