கண்ணைக் கட்டிக்கிட்டு வாள் வீசற பேரனுக்கு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. மொதல்ல வேர்வையைத் தொடை. அந்த வி.ஆர். மூஞ்சிப்பெட்டி கடிச்ச அச்சு நெத்தியிலிருந்து மூக்கு வரைக்கும் வட்டமா உழுந்திருக்குது. உங்கொம்மா பாத்தா எவன்கூடச் சண்டைன்னு கேப்பா.

நீ நடுவூட்டுல ஆடுன ஆட்டத்தை ஜன்னல் வழியா முழுசாப் பாத்தேன். வெறுங்காத்தை ரெண்டு கையிலயும் வெட்டறே. திடீர்னு சுவரு வருதுன்னு குந்தறே. வராத சுவத்துக்குக் குந்துனவன், இருக்கற சுவத்துல போயி முழங்கையை இடிச்சே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்புத் தாங்கல. அத்தனைக்கும் எல்லைக்கோடு போட்டுட்டுத்தான் ஆடறேன்னே. நம்ம தோட்டத்து எல்லைக்கல்லுக்காக உங்க மாமன் வருசக்கணக்கா தாலுக்கா ஆபீசுக்கு நடக்கறான். நீ கையை ஒரு சுத்து சுத்தி அளந்து முடிச்சுட்டே. அந்த வித்தையை அவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு.

கேலி பண்றேன்னு மொகத்தைத் தூக்காதே. கொஞ்சமாத்தான் பண்றேன். உன் தங்கச்சி போனுல படிச்சுச் சொன்னா, நீ ஆடற பீட் சேபர் செக் நாட்டுல, பிராக் பட்டணத்துல செஞ்சது, 2018ல வந்ததாமா. அதை ஆடறப்ப ஒடம்பு எவ்வளவு பாடுபடுதுன்னு அமெரிக்காவுல அளந்து பாத்து, டென்னிஸ் ஆடற அளவுக்கு வருதுன்னு சொல்லியிருக்காங்க. அதனால வெறும் வெளையாட்டுன்னு நான் தள்ள மாட்டேன்.

நம்ம ஊர்ச் செக்குல மாட்டுக்குக் கண்ணைக் கட்டுவோம். அது எங்கியோ நெடுந்தூரம் போறோம்னு நெனைச்சுக்கிட்டு நாள் பூரா நடக்கும். உனக்கும் அதேதான். வாசல்ல நாலு சுத்து ஓடுடான்னா முட்டி வலிக்குதுங்கறவன், இதை மாட்டுனா இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டுன்னு நிக்கறே. மனசு வெளியில பராக்குப் பாக்கறப்போ ஒடம்பு முனகறது அதுக்குக் கேக்கறதில்லை. சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஹண்டர் ஹாஃப்மன், தீக்காயம் பட்டவங்களுக்குக் கட்டு மாத்தற நேரத்துல இதை மாட்டி உட்டு, பனிமலை காட்டி, பனியுருண்டை வீசச் சொன்னாரு. வலி கொறைச்சலாத் தெரிஞ்சுதுன்னாங்க. புண்ணு என்னமோ அப்படியேதான் இருந்துது.

ஆனா மாட்டுக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம். அதுக்குத் தலை சுத்தக் கூடாதுன்னு கண்ணைக் கட்டறோம். உனக்குக் கண்ணைக் கட்டுனாத்தான் தலை சுத்துது. கண்ணு ‘பறக்கறோம்’னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கற நெதான உறுப்பு ‘நடுவூட்டுலதான்டா நிக்கறே’ங்குது. ரெண்டு சாட்சியும் ரெண்டு விதமாச் சொன்னா வயிறு என்ன தீர்ப்புச் சொல்லும்? அன்னிக்கு அந்தப் பெட்டிக்குள்ள மலைரயிலு ஆட்டம்னு ஏறுனவன் பொடக்காணிக்கு ஓடுனது அதனாலதான். நீ நின்ன எடத்துல நிக்க, வெட்டற கட்டைக உன்னைத் தேடி வர்ற இந்த வாள் ஆட்டத்துல இந்தத் தொந்தரவு கம்மி. புதுசா வர்றவனை அதுல உடு, மலைரயிலுல ஏத்தாதே.

கழுத்தையும் கொஞ்சம் நெனைச்சுக்க. 1968ல ஐவன் சதர்லேண்டு இந்த மாதிரி ஒண்ணைச் செஞ்சப்போ அது தாங்க முடியாத கனம்னு கூரையிலிருந்து தொங்க உட்டாங்களாம். இப்ப அரைக் கிலோ சொச்சம், கூரைக்குப் பதிலா உன் கழுத்து. அரை மணிக்கொருக்கா பத்துப் பதினஞ்சு நிமிசம் கழட்டி வெய்யின்னு விக்கறவங்களே எழுதியிருக்காங்க. விக்கறவனே போதும்னு சொல்ற சாமானு எத்தனை இருக்குது? அப்புறம் அந்த மூஞ்சிப் பஞ்சு. 2021ல குவெஸ்ட் 2ங்கற மூஞ்சிப்பெட்டி போட்டவங்களுக்கு மொகம் அரிக்குதுன்னு அமெரிக்காவுல 40 லட்சம் பஞ்சுக்கு மாத்து ஏற்பாடு பண்ணுனாங்க. உன்னோட பஞ்சை நீ தொடைச்சு எத்தனை நாளாச்சுன்னு கேக்க மாட்டேன். ஜன்னல் வரைக்கும் வாசம் வந்துது.

இன்னொரு சங்கதி. உன் வாளுல கனமே இல்லை. மூச்சு வாங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அது நல்லது. ஆனா எலும்பும் சதையும் கனத்தைத் தூக்குனாத்தான் கெட்டியாகும். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிசம் மூச்சு வாங்க வேலை செய்யின்னு சொன்னதோட நிறுத்தல. ரெண்டு நாளாவது சதைக்கு வேலை குடுன்னும் சொல்லியிருக்குது. நீ மொதல் பாதியை மட்டும் படிச்சிருப்பே.

அதனால நான் ஒண்ணு ரோசனை பண்ணி வெச்சிருக்கறேன். பொங்கலுக்கு வர்றப்ப அந்தப் பெட்டியை நல்லாச் சார்ஜ் ஏத்திக் கொண்டா. தோப்புல தேங்காய் போட ஆளு வருது. காலையில நீ போயி தேங்காயைச் சாக்குல அள்ளிக் களத்துக்குச் சொமந்து போடு. கூலியாளுக்குக் குடுக்கற காசும் மிச்சம், உன் எலும்புக்கும் ஆச்சு. அந்நேரம் பெட்டி சும்மா கெடந்தா வீணாப்போகுமில்ல? நாஞ் சேர்ல உக்காந்துதான் மாட்டுவேன், இந்த வயசுல உழுந்தா இடுப்பெலும்பு லேசுல கூடாது. மலைரயிலு வேண்டாம். அந்தப் பனியுருண்டை மாதிரி ஏதாச்சும் இருந்தா ஏத்தி வெய்யி.

உங்கம்மாயிகிட்ட மூச்சு உடாதே. அவளுக்குத் தெரிஞ்சா மொதல் வரிசையில அவதான் உக்காருவா.