மெட்டாடேட்டாவும் மர லாச்சியும்

வாரும் தம்பி. கொட்டாஞ்சேனையிலயிருந்து இந்த வெய்யிலுக்க வெள்ளவத்தைக்கு வந்தது கிழவனைப் பாக்க இல்லையெண்டு எனக்குத் தெரியும். அலுமாரியில கிடக்கிற செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகங்களையும் கோயில் சிறப்பு மலர்களையும் ஸ்கான் பண்ணத்தானே? எடும், ஆர் மறிச்சது? ஆனா உந்த மடிக்கணினியை ஒருக்கா இங்கால திருப்பும் பாப்பம். ‘ஸ்கான் 001’, ‘ஸ்கான் 001 நியூ’, ‘பைனல்’, ‘பைனல் 2’. வடிவாத்தான் பேர் வைச்சிருக்கிறீர். பைனலுக்குப் பிறகு இன்னொரு பைனல் வாறதை நான் கிரிக்கெட்டில கூடக் காணேல்லை.

கேட்டால் ‘மெட்டாடேட்டா பிறகு போடலாம் ஐயா’ எண்டுறீர். அது நேற்றுத்தான் கட்டுநாயக்காவில வந்திறங்கினதெண்டு உமக்கு நினைப்பு. உம்மட அப்பர் பள்ளிக்கூடம் போன காலத்தில நூலகத்துக்குள்ள போனால் ஒரு மரப்பெட்டி நிக்கும், வரிசையா லாச்சி. இழுத்தால் மூண்டங்குலம் அஞ்சங்குல அட்டையள். அடியில ஓட்டை, ஓட்டைக்குள்ளால ஒரு கம்பி. கம்பி ஏன்? உம்மைப்போல ஆக்கள் அட்டையை உருவிப் பாத்துப்போட்டு வேற இடத்தில செருகாமலிருக்க. எழுதினவற்ற பேரில ஓரட்டை, தலைப்பில ஓரட்டை, பொருளில ஓரட்டை. மூலையில இலக்கம், தமிழ் இலக்கியமெண்டால் டூயி வகுப்புமுறைக் கணக்கில 894.811. புத்தகம் இருக்கிறது றாக்கையில ஒரிடம், அதைப் பற்றின சேதி, அதுதான் உம்மட மெட்டாடேட்டா, மூண்டு லாச்சியில. சார்ஜரும் தேவையில்லை.

சிரிக்கிறீர். அப்ப இதையும் கேளும். 1995இல நூலகக்காரரும் கணினிக்காரரும் ஒண்டா இருந்து, இணையத்தில கிடக்கிற ஆவணங்களுக்கு என்னென்ன விபரம் குறிக்க வேணுமெண்டு பேசினவை. அதிலயிருந்து வந்தது டப்ளின் கோர், பிறகு 15 கூறா நிலைச்சுது. டப்ளின் எண்டவுடன அயர்லாந்துக்கு ஓடாதையும். இது அமெரிக்காவில, ஒகையோ மாநிலத்து டப்ளின். அங்க இருக்கிற ஓசிஎல்சி எண்ட நூலகக் கூட்டுறவு அமைப்பும் சேர்ந்து கூட்டின கூட்டம் அது. டூயியின்ர வகுப்புமுறையை 1988இலயே வாங்கி வைச்சிருக்கிறவையும் அவைதான். பழைய லாச்சிக்காரற்ற வீட்டிலதான் உம்மட புதுப்பிள்ளை பிறந்திருக்கு. தலைப்பு, ஆக்கினவர், பொருள், வெளியிட்டவர், திகதி, மொழி எண்டு போற பட்டியலில பாதிக்கு மேல அட்டையில இருந்ததுதான். கோப்பு வடிவம், உரிமை எண்டு சிலது புதுசு. ஒத்துக்கொள்ளுறன், வயசு போனாலும் நேர்மை போகேல்லை.

எங்கட ஆக்களும் சும்மா இருக்கேல்லை. என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ எண்டு தொகுதிக்கு ஆயிரம் நூலாய், 2002இலயிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களின்ர விபரத்தைத் திரட்டிக்கொண்டு வாறார். புத்தகம் கையில இல்லாதவனுக்கும் அப்பிடியொண்டு வந்ததெண்டாவது தெரியும். 2005இல தொடங்கின ‘நூலகம்’ இணையத்தளத்தைத் திறந்து பாரும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சின்னப் பெட்டி: நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள். எனக்கு அதில பழைய அட்டைதான் தெரியுது, கம்பியைத்தான் காணேல்லை.

‘இப்ப ஓசிஆர் இருக்கு, எழுத்தை மெசினே வாசிச்சுத் தேடித் தரும்’ எண்டு அடுத்த கதை விடுவீர். நல்லது. ‘சிவஞானசுந்தரம்’ எண்டு தேடும். எந்தச் சிவஞானசுந்தரம்? சிறுகதை எழுதின இலங்கையர்கோன் ஒராள், த. சிவஞானசுந்தரம். வைத்தியப் பேராசிரியரா இருந்துகொண்டு நாவல் எழுதின நந்தி இன்னொராள், செ. சிவஞானசுந்தரம். சுந்தர் எண்டு கார்ட்டூன் கீறி ‘சிரித்திரன்’ நடத்தினவர் மூண்டாவது, சி. சிவஞானசுந்தரம். நீர் அவசரத்தில முன்னெழுத்தை விட்டீரெண்டால் ஒரே மனிசன் கதை எழுதி, ஊசி போட்டு, கார்ட்டூனும் கீறுவான். கெட்டிக்கார நூலகர் இதுக்கெண்டே ஓரட்டை வைப்பார்: ‘நந்தி: பார்க்க, சிவஞானசுந்தரம், செ.’ உந்த ஒரு வரியை எந்த மெசினும் தானா எழுதாது, ஆரோ ஒருத்தர் சொல்லிக்குடுக்க வேணும்.

திகதிக்கு வாரும். ‘பிலவ வருடம் ஆவணி’ எண்டு மட்டும் போட்டிருக்கும். பிலவ 1901இலயும் வந்தது, 1961இலயும் வந்தது, 2021இலயும் வந்தது. எதெண்டு அச்சகத்தின்ர பேரையும் தாளையும் பாத்துத்தான் பிடிக்க வேணும். இடம்? ‘மல்லிகை’ சஞ்சிகையை டொமினிக் ஜீவா 1966இல யாழ்ப்பாணத்தில தொடங்கினவர்; பிறகு அது உங்கட பக்கம், ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்திட்டுது. எல்லா இதழுக்கும் ஒரே ஊரைப் போட்டால் பாதிக்குப் பொய்ச்சாட்சி. உம்மட தமையன் பாமினி எழுத்துருவில அடிச்சு வைச்ச பட்டியல் வேற கிடக்கு. அதை யுனிகோட்டில தேடிப் பாரும், ஆயுசுக்கும் வராது.

ஊரில மாட்டுக்குக் குறிசுடாமல் தரவையில விட்டால், பின்னேரம் அது எவன்ர பட்டியில நிக்குமெண்டு சொல்லேலாது. நீர் ஆயிரம் பக்கம் குறியில்லாமல் அவிட்டு விட்டிட்டு, ‘டிஜிட்டல் ஆக்கிட்டன்’ எண்டு முகப்புத்தகத்தில படமும் போட்டிருக்கிறீர். லைக் கனக்க வந்திருக்கும்.

சரி, இந்தக் கல்வெட்டில தொடங்கும். ஆசிரியர் எண்ட இடத்தில செத்தவற்ற பேரைப் போடாதையும், பாவம், அவர் எழுதேல்லை. அவற்ற பேர் பொருளுக்குக் கீழ. பிறந்த ஊர், இருந்த ஊர் ரெண்டும் வேணும். வேலணையில பிறந்து வெள்ளவத்தையில முடிஞ்சவரை எந்த ஊரால தேடுவினமெண்டு எங்களுக்குத் தெரியாது. அச்சகம் பின்னட்டையில கீழ பொடி எழுத்தில இருக்கும், கண்ணாடியைப் போடும். பக்கத்தை எண்ணேக்க அட்டையையும் சேக்கிறதோ எண்டு என்னைக் கேட்காதையும். ஏதாவதொரு முடிவெடும், எடுத்த முடிவை எழுதி வையும், கடைசிப் பிரதி வரைக்கும் அப்பிடியே செய்யும்.