எஞ்சினுக்கு அபிஷேகம் ஆகுமா?

கேள்வி: ஆயுத பூசைக்குக் காரைக் கழுவும்போது எஞ்சின் பகுதியிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: ஆயுத பூசையன்று எஞ்சினுக்கு உரியது பூசையேயன்றி அபிஷேகம் அன்று. கரிசல் புழுதியும் விசைத்தறிப் பஞ்சும் எண்ணெய்க் கசிவோடு சேர்ந்து பிசுக்காக அப்பிக்கொள்ளும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் எஞ்சின் அறையைத் துடைப்பது தேவையானதே எனினும், ஓடிவந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றினால், எரிந்த புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய் திடீர்க் குளிர்ச்சியால் விரிசல் காணக்கூடும் என்பதால், எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனை வயரை முதலில் கழற்றி, மின்சாரம் உற்பத்தி செய்து பேட்டரிக்கு ஊட்டும் ஆல்டர்னேட்டர், மின்சுற்றுகளைக் காக்கும் ஃபியூஸ் பெட்டி, காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டியபின், காய்ந்த புழுதியைப் பிரஷால் தட்டிவிட்டு, பிசுக்கைக் கரைக்கும் டீகிரீஸரைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே வீட்டுக்கு உகந்த முறையாகும். பானெட்டைத் திறந்துவைத்து ஈரம் முழுதும் உலர்ந்த பின்னரே அவ்வயரை மீண்டும் மாட்டுதல் நன்று. வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் உயரழுத்தப் பீய்ச்சலோ, நீர் புகாதவாறு அடைக்கப்பட்ட வயர் இணைப்புகளுக்குள்ளும் ஈரத்தைச் செலுத்திவிடக்கூடியது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்கும் பழக்கம், ரப்பர் குழாய்களை உப்பச் செய்வதுடன், நாள் நட்சத்திரம் பாராத தீபாராதனைக்கும் வழிவகுக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் காணப்படும் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தத்தைத் தாங்குபவை ஆதலின், அவற்றுக்குத் தொலைவிலிருந்து ஒரு கும்பிடே போதுமானது.