டார்ச்சைப் பிடித்த மாப்பிள்ளை

வாய்யா மாப்ள! அமெரிக்காவுல இருந்து பெட்டிக்குள்ள பொத்திக் கொண்டாந்த ஷவரு, தீபாவளி தாண்டுமுன்ன செம்புக் குழாய் வேற, பித்தளை வால்வு வேறன்னு பிரிஞ்சுருச்சாமே? அதைச் சேத்து வைக்கத்தான் கேஸ் டார்ச்சத் தூக்கிட்டு நிக்கிறியாக்கும்.

எந்த ஊர்ல நிக்கிற, தெரியுதா? இது ஏழாயிரம்பண்ணை. பக்கத்து வீட்டு வாசல்ல பாரு, பட்டாசுக்கு உருட்டுன காகிதக் குழாய் காயுது. இரும்பு உரசுனா பொறி பறக்கும்னு பட்டாசு ஆபீஸ்ல பித்தளை, செம்பு, மரச்சாமானாப் பாத்துப் புழங்குறாங்க. செப்புத் தகட்டத் தொட்டு உடம்புல உள்ள மின்சாரத்த எறக்கிட்டுத்தான் மருந்து ரூமுக்குள்ளயே போவாங்க. நீ என்னடான்னா அதே செம்பையும் பித்தளையையும் சாக்கு வச்சு நடுவீட்டுக்கு நெருப்பக் கொண்டாந்துட்ட. படிச்ச புள்ளன்னா சும்மாவா! வால்வையும் குழாயையும் கழத்திக்கிட்டு ஊருக்கு வெளிய வெறும் பொட்டலுக்கு நட.

ஸ்பிண்டிலு, ரப்பர் வாஷரு எல்லாத்தையும் எடுத்துட்டியா? எடுக்கலன்னா குழாய் ஒட்டும், வாஷர் உருகும். நம்ம ஊரு உப்புத் தண்ணி உள்ள வெள்ளையாப் படிஞ்சு கெடக்கும். உப்புத்தாள வச்சு ரெண்டு பக்கமும் மினுங்கத் தேயி. சொட்டுத் தண்ணி நின்னாலும் சூடு ஏறாது, தண்ணி ஆவியாகுறதுக்குள்ள உன் கேஸ் தீந்துரும்.

அந்தக் காலத்துல ஈயம் பூச வர்றவரு நவச்சாரத்தத் தூவிட்டு வெள்ளீயத்த ஒரு தேய் தேச்சா, குண்டான் தகதகன்னு நிக்கும். நீ கடையில ஃபிளக்ஸ் வாங்கித் தடவிக்க, ரெண்டுக்கும் வேலை ஒண்ணுதான். பத்தவைக்கிற கம்பி வாங்கும்போது காரீயம் கலக்காததாக் கேளு.

வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும். செம்பு உருகத்தான் 1,085 வேணும். அதனால குழாய் செவக்கச் செவக்கச் சுட்டு வீரம் காட்டாத. ரொம்பக் காய்ஞ்சா பித்தளையில இருக்குற துத்தநாகம் வெள்ளைப் புகையாக் கெளம்பும், மூச்சுல வாங்குனா ராத்திரி குளிர்காய்ச்சல்தான். பித்தளைக் கட்டை கனம், சூடு வாங்க நேரமாகும். தீய அங்க காட்டு, கம்பியில காட்டாத. காஞ்ச குழாயத் தொட்டதுமே கம்பி உருகி இடுக்குக்குள்ள தானா ஓடணும். மேலாப்புல சொட்டுச் சொட்டா அப்பி வச்சீன்னா, அது பத்தவைப்பு இல்ல, பொங்கச் சோத்துப் பருக்கை.

ஆறுறதுக்கு முன்ன ஆட்டிப் பாக்காத. உன் கை சும்மா இருக்காதுன்னு தெரியும். ஒழுகுச்சுன்னா மேல மேல ஈயத்த ஊத்தாம, பிரிச்சு முதல்ல இருந்து தேயி. அதுவரைக்கும் வாளித் தண்ணிதான் மாப்ள. கப்பு எங்க இருக்குன்னு அத்தை காட்டுவா.