ஆரணித் தெருவோரப் புல் நீலன்: ஓர் அடிமட்ட ஆய்வு

ஆய்வின் தேவை: திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டுப்பூச்சியின் வாய்நூலால் பிழைக்கும் ஊர். அந்தப் பூச்சியின் தூரத்துச் சொந்தக்காரன், புல் நீலன் என்ற வண்ணத்துப்பூச்சி, தெருவோரப் புல்லிலேயே பறக்கிறான். குனிந்து பார்த்தவர் குறைவு. இக்குறையை நீக்க இக்கட்டுரை முன்வருகிறது.

களம்: தறிவீட்டு வாசற்படிக்கும் சாக்கடைக்கும் இடையே கிடக்கும் ஒரு முழப் புல்.

அடையாளம்: சிறகு விரித்தால் 2, 2.5 செ.மீ. மேற்புறம் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. உட்கார்ந்ததும் சிறகை மூடிக்கொள்வதால் இத்தகவலால் பயனில்லை. சாம்பல் நிற அடிப்புறத்துப் புள்ளிகளே சாட்சி. முன்சிறகின் நடுக்கட்டத்தில் புள்ளி இருந்தால் கரும்புல் நீலன் அல்லது வெளிர் புல் நீலன். இல்லையென்றால்? எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கி ஒரு நெசவாளரிடம் நீட்டினேன். ஜரிகைக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “பின்சிறகுல ஒரு புட்டா வரிசையில நிக்கல சார், உள்ள தள்ளியிருக்கு. டிசைன் அட்டையத் தப்பாக் குத்திட்டான்.” அப்படித் தள்ளி நிற்கும் புள்ளிதான் சிறு புல் நீலனின் அடையாளம். வண்ணத்துப்பூச்சி நூல்கள் பத்தி போட்டு விளக்குவதை அவர் ஒரே பார்வையில் முடித்துவிட்டார்.

பழக்கவழக்கம்: முழங்காலுக்கு மேல் பறப்பது அபூர்வம். வெளிர் புல் நீலன் புளியாரையில் முட்டையிடும். கரும்புல் நீலனுக்கு நெருஞ்சியும் குப்பைக்கீரையும் போதும். இவற்றின் புழு இனிப்பு நீர் சுரந்து எறும்புகளுக்கு மாமூல் கொடுக்கும். எறும்புகள் காவல் நிற்கும். பட்டுப்புழுவுக்கோ முசுக்கொட்டை இலை இருந்த இடத்துக்கே வருகிறது. அந்தச் செல்லத்தில் வளர்ந்து அந்துப்பூச்சியானதும் அதற்குப் பறக்கவும் வராது, தின்னவும் வராது.

எதிர்வாதம்: “இது நூல் தருமா?” தராது. ஆனால் 2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தபின், கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்றறிய ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடிப்போனது இதே வெளிர் புல் நீலனைத்தான். நிலத்தை ஒட்டியே வாழ்வதால் அந்த மண்ணுக்கு நேர்ந்தது அதற்கும் நேரும். அங்கே ஆய்வகத்துக்குள் போன பூச்சி இங்கே செருப்புக்கடியில் கிடக்கிறது.

முடிவு: ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நீலனுக்கும் கேட்டால் வழக்கு ஜப்பான்வரை நீளும், அது வேண்டாம். தெருவைச் சுத்தம் செய்கிறவர்கள் புளியாரையை வேரோடு செதுக்காமல் விட்டால் போதும். அடுத்த கட்ட ஆய்வுக்கு நிதியுதவியும் கோரவில்லை. அட்டை குத்தத் தெரிந்த ஒருவர் மட்டும் தேவை.