மீசைக்கு மை, மச்சுக்கு வார்னிஷ்

வாடா பேராண்டி! மழை ஒழுகி உளுத்துப்போன ஆறு பலகைக்குப் பதிலா மச்சுல புதுசு போடணும், ஒட்டுப் போட்டது வெளியில தெரியக்கூடாது, அதானே? நல்ல ஆசைதான். மீசைக்கு மை பூசுறப்பவும் இதே ஆசைதான் இருந்திருக்கும். காதோரம் நரை எட்டிப் பாக்குது பாரு.

பழைய பலகை பர்மாத் தேக்கு. 1942-ல ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கப்பலேறி வந்தது. ரேகை எப்படி நெருக்கமா ஓடுது! நீ வாங்கியாந்தது தோட்டத்துத் தேக்கு, தண்ணி குடிச்சு மளமளன்னு வளந்த பய. ஓரத்துல வைரமே பாயலை, வெள்ளையா இளிக்குது.

வந்த அன்னிக்கே ஆணி அடிக்காதே. மச்சுலயே ரீப்பர் வெச்சு அடுக்கி, மூணு நாலு வாரம் வீட்டுக் காத்து பட விடு. ஒரு வீட்டுல ஐப்பசி ஈரத்தோட அடிச்சுட்டாங்க. சித்திரையில பலகை சுருங்கி, அந்த இடுக்கு வழியா என் பொடிமட்டை கீழ சாப்பிட்டுக்கிட்டிருந்த சம்பந்தி இலையில... சரி, அதை விடு.

பழசு மூணு தலைமுறை மிதிச்சுத் தேஞ்சது. புதுசு ஒரு நூல், ரெண்டு நூல் தூக்கிக்கிட்டு நிக்கும். அதுக்காகப் பழசுல இழைப்புளியை வெச்சிடாதே, புதுசை அடிப்பக்கம் இழை. ஆறையும் ஒரே நீளத்துக்கு வெட்டினா, படியேறி வர்றவனுக்கே கோடு தெரியும். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டைன்னு விரல் கோத்த மாதிரி பழசுக்குள்ள விடு. மூட்டு மட்டும் கட்டை மேலதான் விழணும்.

சாயமா? முதல்ல துண்டுக் கட்டையில பூசி, பகல்ல ஒரு தரம், லைட்டு வெளிச்சத்துல ஒரு தரம் பாரு. தேக்கு வெளிச்சம் படப்படத் தானே நிறம் மாறும். எண்ணெய் மரம் வேற, தின்னர் தொட்டுத் துடைக்காம வார்னிஷ் அடிச்சா சரியாப் பிடிக்காது.

இல்லேன்னா ஒரு திருட்டு வழி இருக்கு. மூலையில பத்தாயத்துக்கு அடியில எட்டுப் பலகை யார் கண்ணுலயும் படாமக் கெடக்கு. அதுல ஆறைப் பேத்து நடுவுல போட்டுட்டு, உன் புதுசை அங்க தள்ளிடு. மிச்சம் ரெண்டு மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்கும், அதைத் தொடாதே. உங்க ஐயா மச்சுல ஒட்டுப் போட்டப்ப, நான் சொல்லித்தான் அங்க ஒளிச்சு வெச்சார்.